துணைச்சட்டக இணைப்பி

துணைச்சட்டக இணைப்பி என்பது தானுந்து ஒன்றின் முன்பகுதிச் சட்டங்களையும் பின்பகுதிச் சட்டங்களையும் தரைத்தகட்டின் அடியில் நீளவாக்கில் இணைக்கும் எஃகு உறுப்பு ஆகும். உடலே சட்டகமாகவும் அமைந்த தானுந்துகளில், உடலின் வளைவையும் முறுக்கத்தையும் குறைக்க இது பின்னர் பொருத்தப்படுகிறது. வழக்கமாக இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இணையாகவே இவை பொருத்தப்படும். 1960களிலிருந்து 1990கள் வரை வெளிவந்த அமெரிக்க விளையாட்டுத் தானுந்துகளில் இவ்வுறுப்பு பரவலாகப் பயன்படுகிறது. ஏற்கெனவே போதிய விறைப்புடன் வடிவமைக்கப்பட்ட புதிய தானுந்துகளில் இதனால் கிடைக்கும் பயன் குறைவு. சில வேளைகளில் தீங்கும் விளையலாம்.

பெயரும் சொற்களும்

பட்டறைகளில் சேசிஸ் என்று வழங்கும் அடிச்சட்டகம், பொறி, சக்கரங்கள், உடல் ஆகியவற்றைத் தாங்கும் அடித்தளம் ஆகும். சரக்குந்துகளிலும் பேருந்துகளிலும் இது ஏணி போன்ற தனி உறுப்பாக இருக்கும். பெரும்பாலான தானுந்துகளில் இத்தகைய தனி ஏணி கிடையாது. தரைத்தகடு, கதவுகளின் கீழ் ஓடும் பெட்டி வடிவ விளிம்புகள், தூண்கள், கூரை ஆகியவை ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, முழுக்கூடும் சேர்ந்து சுமையைத் தாங்குகிறது. இவ்வமைப்பு ஒற்றைக்கூடு எனப்படும்.

ஒற்றைக்கூட்டிலும் பொறியும் முன் தொங்கல் அமைப்பும் பொருந்தும் இடத்திலும், பின் அச்சு பொருந்தும் இடத்திலும் தனித்தனியே வலுவான குறுஞ்சட்டங்கள் இருக்கும். இவை கழற்றக்கூடியவையாக இருந்தால் துணைச்சட்டகம் எனப்படும். தரையோடு நிலையாகப் பற்றவைக்கப்பட்டிருந்தாலும் பேச்சுவழக்கில் அதே பெயரால் குறிப்பிடுவதுண்டு. இவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தை நிரப்புவதால் இவ்வுறுப்புக்கு இணைப்பி என்னும் பெயர் வந்தது.

வரலாறு

சுமை தாங்கும் உடலைக் கொண்ட தானுந்துகளில் முன்னோடியானது 1922இல் வெளிவந்த இத்தாலியின் லான்சியா லாம்டா. 1934இல் வெளிவந்த பிரான்சின் சித்ரோன் டிராக்சன் அவான் இம்முறையைப் பேரளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எடை குறைவு, செலவுக் குறைவு ஆகிய காரணங்களால் ஒற்றைக்கூடு உலகெங்கும் பரவியது.

அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தின் ஃபால்கன் என்னும் சிறிய குடும்பத் தானுந்தின் அடிப்படையில் 1964 ஏப்ரலில் மஸ்டாங் அறிமுகமானது. அதன் முன் நெடுஞ்சட்டங்கள் முன்னிருக்கையின் அடியில் முடிந்துவிடும். பின் நெடுஞ்சட்டங்கள் பின்னிருக்கைக்கு அருகில் தொடங்கும். இடையில் இருந்தவை மெல்லிய தரைத்தகடும் கதவடி விளிம்புகளும் மட்டுமே. சிறிய பொறிக்குப் போதுமானதாக இருந்த இவ்வுடல், பெரிய எட்டு உருளைப் பொறியின் திருப்புவிசையையும் பந்தயத்துக்குரிய அகன்ற வட்டகைகளின் பிடிப்பையும் தாங்க வேண்டி வந்தபோது நெளிந்தது. கூரையற்ற மஸ்டாங்குக்கு நிறுவனமே தரையில் கூடுதல் வலுவூட்டல் செய்து விற்றது.

1967ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த செவ்ரொலே கமாரோவின் அமைப்பு வேறு வகையானது. அதில் பொறியையும் முன் தொங்கல் அமைப்பையும் தாங்கும் முன் துணைச்சட்டகம் மரையாணிகளால் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இடையில் இரப்பர் மெத்தைகள் இருந்தன. பின்பகுதி ஒற்றைக்கூடாக இருந்தது. துணைச்சட்டக இணைப்பி என்னும் பெயர் முழுமையாகப் பொருந்துவது இத்தகைய தானுந்துக்கே. பின்னர் 1979ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து வந்த மஸ்டாங்குகளுக்கும், கழற்றக்கூடிய கூரைக் கண்ணாடிகளைக் கொண்ட 1980களின் கமாரோக்களுக்கும் இணைப்பிகள் பெருமளவில் விற்பனையாயின.

முறுக்கு விறைப்பு

தானுந்தின் முன் முனையை ஒரு திசையிலும் பின் முனையை எதிர்த்திசையிலும் திருப்பும்போது, உடலை ஒரு பாகை முறுக்கத் தேவைப்படும் திருப்புவிசையே முறுக்கு விறைப்பு ஆகும். இது பாகைக்கு இத்தனை நியூட்டன் மீட்டர் என்று அளக்கப்படுகிறது. இக்காலச் செடான் வகைத் தானுந்துகள் பலவற்றில் இது 20,000ஐத் தாண்டும். 1960களின் ஒற்றைக்கூடுகளில் இதைவிட மிகக் குறைவு.

இதன் முக்கியத்துவத்தை வில்களைக் கொண்டு விளக்கலாம். தொங்கல் அமைப்பின் சுருள்வில்லும் தானுந்தின் உடலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்த இரு வில்கள் போன்றவை. சுருள்வில்லின் அசைவை அதிர்வடக்கி அடக்கிவிடும். உடல் என்னும் வில்லுக்கு அத்தகைய அடக்கி கிடையாது. ஆகவே உடல் நெளிந்தால், வளைவில் திரும்பும்போது சக்கரங்களின் கோணம் வடிவமைத்தவர் எண்ணியபடி இருக்காது. முன்பக்கச் சாய்வுத் தண்டை மாற்றினாலும் அதன் விளைவு முழுமையாகத் தெரியாது.

எடுத்துக்காட்டாக, தொங்கல் அமைப்பின் சாய்வு விறைப்பு பாகைக்கு 1,000 நியூட்டன் மீட்டர் எனக் கொள்வோம். உடலின் விறைப்பு மாறும்போது, இரண்டும் சேர்ந்து தரும் விறைப்பு பின்வருமாறு அமையும்:

உடல் விறைப்பு 5,000 எனில், கூட்டு விறைப்பு 833
உடல் விறைப்பு 10,000 எனில், கூட்டு விறைப்பு 909
உடல் விறைப்பு 20,000 எனில், கூட்டு விறைப்பு 952

முதல் இரட்டிப்பில் 76 அலகுகள் கிடைக்கின்றன. அடுத்த இரட்டிப்பில் 43 மட்டுமே. நெளிவு மிகுந்த பழைய உடலில் இணைப்பி பெரும் மாற்றத்தைத் தருவதும், விறைப்பான புதிய உடலில் ஓட்டுநரால் அதை உணரவே முடியாமற்போவதும் இதனால்தான்.

செயற்படும் முறை

இரண்டு குழாய்களைத் தரையில் சேர்ப்பதால் கூடும் இரும்பின் அளவு சிறியது. 50 மில்லிமீட்டர் பக்கமும் 3 மில்லிமீட்டர் தடிப்பும் உடைய சதுரக் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 4.3 கிலோகிராம் எடை கொண்டது. பக்கத்துக்கு 1.2 மீட்டர் வீதம் இரண்டு இணைப்பிகளின் எடை சுமார் 10 கிலோகிராம். பயன் எடையால் வருவதன்று. விசை செல்லும் பாதை தொடர்ச்சியாவதால் வருகிறது.

உடல் முறுக்கப்படும்போது ஒரு பக்க நெடுஞ்சட்டம் மேல்நோக்கியும் மறுபக்கச் சட்டம் கீழ்நோக்கியும் வளைய முயலும். இடையில் சட்டம் அறுபட்டிருந்தால் இவ்வளைவு முழுவதையும் மெல்லிய தரைத்தகடே ஏற்கிறது. தகடு எளிதில் அலைபோல் நெளியும். இணைப்பி முன் சட்டத்தின் முடிவிலிருந்து பின் சட்டத்தின் தொடக்கத்துக்கு விசையை நேராகக் கடத்துகிறது. அதைக் கதவடி விளிம்போடும் இருக்கையின் குறுக்குச்சட்டத்தோடும் இணைத்தால் பயன் மேலும் கூடும்.

குழாயின் வடிவமும் முதன்மையானது. மூடிய குறுக்குவெட்டு, திறந்த குறுக்குவெட்டைவிட முறுக்கத்தை மிக நன்றாக எதிர்க்கும். மேற்சொன்ன சதுரக் குழாயின் முறுக்கு மாறிலி ஏறத்தாழ 3,11,000 என மில்லிமீட்டரின் நான்காம் அடுக்கில் கணக்கிடலாம். அதே குழாயை நீளவாக்கில் ஒரு கோடாக அறுத்துவிட்டால் அம்மதிப்பு சுமார் 1,700 ஆகிவிடும். எடை மாறவில்லை, விறைப்பு மட்டும் ஏறத்தாழ 180இல் ஒரு பங்காகிறது. துருவால் பிளவுபட்ட கதவடி விளிம்பு தானுந்தின் விறைப்பை எவ்வளவு குலைக்கும் என்பதற்கும் இக்கணக்கு சான்றாகும்.

வகைகள்

மரையாணியால் பொருத்துபவை: உடலில் துளையிட்டு இறுக்கப்படுபவை. கழற்றலாம் என்பது இவற்றின் நன்மை. துளைகளில் ஏற்படும் சிறு தளர்வுகூட விறைப்பைக் குறைத்துவிடும். 8.8 அல்லது 10.9 தரமுள்ள மரையாணிகளும், தகட்டின் மறுபுறத்தில் தாங்கு தகடுகளும் தேவை.

பற்றவைத்துப் பொருத்துபவை: முனைகளில் சட்டத்தோடு பற்றவைக்கப்படுபவை. தளர்வு இராது, கழற்றுவது கடினம்.

தரையோடு முழுநீளம் இணைப்பவை: தரைத்தகட்டில் நீள வெட்டிட்டு அதில் பதித்து, நெடுகிலும் பற்றவைக்கப்படுபவை. மூன்றனுள் இவையே மிகுந்த விறைப்பைத் தருகின்றன. தரைவிரிப்பு, இருக்கைகள் ஆகியவற்றை அகற்ற வேண்டியிருப்பதால் வேலையும் மிகுதி.

பொருத்தும் முறை

முதலில் உடலின் நிலை ஆராயப்படுகிறது. நெடுஞ்சட்டங்களின் முனைகளிலும் கதவடி விளிம்புகளிலும் துரு இருந்தால், அப்பகுதியை வெட்டி நீக்கிப் புதிய தகடு வைத்த பின்பே இணைப்பியைப் பொருத்த வேண்டும். துருப்பிடித்த தகட்டில் பற்றவைத்த குழாய் எதையும் தாங்காது.

அடுத்து, தானுந்தின் எடை சக்கரங்கள் மீதே இருக்க வேண்டும். உடலின் நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் இரு முனைகளும் சற்றுத் தொங்கும். அந்நிலையில் பற்றவைத்தால் அவ்வளைவு உடலில் நிலைத்துவிடும். பின்னர் கதவுகள் சரியாக மூடாமற்போகலாம். சமதளத்தில் சக்கரங்களின் கீழ் மேடைகள் வைத்து, கதவு இடைவெளிகளை முன்னும் பின்னும் அளந்து குறித்துக்கொள்வது நல்ல வழக்கம்.

மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்தல், எரிபொருள் குழாய்களையும் தடைக் குழாய்களையும் விலக்கி வைத்தல், தரைவிரிப்பை அகற்றுதல், தீயணைப்பானை அருகில் வைத்தல் ஆகியவை தவிர்க்கக்கூடாதவை. நீண்ட கோடாக ஒரே மூச்சில் பற்றவைத்தால் வெப்பத்தால் தகடு கோணிவிடும். ஆதலால் சிறு சிறு துண்டுகளாக, இடப்பக்கமும் வலப்பக்கமும் மாற்றி மாற்றிப் பற்றவைக்கப்படுகிறது. இறுதியில் துத்தநாகப் பூச்சும் குழாயின் உட்புறத்தில் மெழுகுப் பூச்சும் இடப்படுகின்றன. குழாயின் தாழ்ந்த இடத்தில் நீர் வடியத் துளை இருக்க வேண்டும்.

விறைப்பை அளத்தல்

பொருத்தியபின் வண்டி இறுகிவிட்டதாக ஓட்டுநர் உணர்வது மட்டும் சான்றாகாது. பின் தொங்கல் அமைப்பு பொருந்தும் இடங்களை அசையாமல் பிணைத்து, முன் முனையில் ஒரு குறுக்குத் தண்டின் இரு நுனிகளிலும் எதிரெதிராக விசை கொடுத்து, முள்மானிகளால் அசைவை அளப்பதே முறை.

தண்டின் நுனிகள் 1.5 மீட்டர் இடைவெளியில் இருக்க, ஒவ்வொரு நுனியிலும் 500 நியூட்டன் விசை கொடுத்தால் திருப்புவிசை 750 நியூட்டன் மீட்டர். 1.2 மீட்டர் இடைவெளியில் வைத்த இரு முள்மானிகளில் ஒன்று 0.75 மில்லிமீட்டர் உயர்வையும் மற்றது அதே அளவு தாழ்வையும் காட்டினால், முறுக்கம் 0.072 பாகை. விறைப்பு பாகைக்கு ஏறத்தாழ 10,500 நியூட்டன் மீட்டர். பின் முனையின் பிணைப்பு சற்று அசைந்தால் அதையும் அளந்து கழிக்க வேண்டும். இணைப்பி பொருத்துவதற்கு முன்பும் பின்பும் இதே சோதனையைச் செய்தால்தான் செய்த வேலையின் பயன் தெரியும்.

வரம்புகளும் தீங்குகளும்

விபத்தின்போது முன்பகுதி ஒழுங்காக நசுங்கி மோதலின் ஆற்றலை உள்வாங்குமாறும், பயணிகள் அறை குலையாதிருக்குமாறும் இக்காலத் தானுந்துகள் வடிவமைக்கப்படுகின்றன. காற்றுப்பை எப்போது விரிய வேண்டும் என்பதும் அவ்வுடலைக் கொண்டு செய்த மோதற் சோதனைகளின் அடிப்படையில் முடிவு செய்யப்படுகிறது. விசை செல்லும் பாதையை மாற்றும் எந்த உறுப்பும் இவ்வொழுங்கைக் குலைக்கக்கூடும்.

இத்தானுந்துகளின் தூண்களிலும் விளிம்புகளிலும் மிகுவலிமை எஃகு பயன்படுகிறது. சூடாக்கி அழுத்தி உருவாக்கப்படும் போரான் எஃகு பற்றவைப்பின் வெப்பத்தில் தன் வலிமையை இழக்கும். வலுவூட்டுவதற்காகச் செய்யும் வேலை அவ்விடத்தையே நலிவுறச் செய்யும் நிலை இதனால் ஏற்படுகிறது. தரையிலிருந்து வண்டியின் உயரம் குறைவதும், வேகத்தடையில் குழாய் உரசுவதும் வேறு குறைகள்.

இந்தியத் தானுந்துகள்

இணைப்பி பொருந்துமா என்பது தானுந்தின் அடிப்படை அமைப்பைப் பொறுத்தது. இந்தியச் சாலைகளில் இருவகை அமைப்புகளும் இருந்துவந்துள்ளன.

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்சு நிறுவனம் 1961 முதல் உருவாக்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரித்தானியாவின் டிரயம்ப் ஹெரால்டை அடியொற்றியது. அதற்குத் தனி அடிச்சட்டகம் உண்டு. உடற்பகுதிகள் அதன் மீது மரையாணிகளால் பொருத்தப்பட்டன. முன்னிருந்து பின்வரை சட்டம் தொடர்ச்சியாக ஓடுவதால் துணைச்சட்டக இணைப்பிக்கு இங்கே வேலை இல்லை. மாருதி ஜிப்சி போன்ற ஏணிச் சட்டக வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் 2014 வரை உருவாக்கப்பட்ட அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து வந்த ஒற்றைக்கூட்டுத் தானுந்து. பிரீமியர் பத்மினி, மாருதி 800, வாக்சால் விக்டரிலிருந்து பிறந்த கான்டசா ஆகியவையும் ஒற்றைக்கூடுகளே. பெரிய பொறியையும் பின்சக்கர இயக்கத்தையும் கொண்ட கான்டசா, இவற்றுள் அமெரிக்க விளையாட்டுத் தானுந்தின் அமைப்புக்கு நெருக்கமானது. ஃபோர்டு மஸ்டாங் 2016இல்தான் இந்தியாவில் முறைப்படி விற்பனைக்கு வந்தது. அது ஆறாம் தலைமுறை மாதிரி. முதல் தலைமுறையின் அறுபட்ட தரையமைப்பு அதில் இல்லை.

தமிழ்நாட்டில்

மதுரையில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1912இல் பேருந்துச் சேவையைத் தொடங்கியதிலிருந்து இப்பகுதியின் மோட்டார்த் தொழில் வளர்ந்தது. தமிழ்நாட்டுப் பேருந்துத் தொழிலில் அடிச்சட்டகத்தைத் தனியாக வாங்கி, கரூர் போன்ற ஊர்களில் அதன்மேல் உடல் கட்டுவது நெடுநாள் வழக்கம். உடலை அடிச்சட்டகத்தோடு எவ்வாறு பிணைப்பது, எவ்விடத்தில் துளையிடக்கூடாது என்பன அத்தொழிலின் அடிப்படைக் கேள்விகள். ஏணிச் சட்டகத்துக்குரிய இவ்வறிவை ஒற்றைக்கூட்டுத் தானுந்துக்கு அப்படியே பயன்படுத்த முடியாது. பேருந்தின் நெடுஞ்சட்டம் தடித்த எஃகால் ஆனது, தானுந்தின் தரையோ ஒரு மில்லிமீட்டர் அளவிலான தகடு.

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் நெடுஞ்சாலை நேராக ஓடினாலும், அதிலிருந்து பிரியும் ஊர்ச்சாலைகள் கண்மாய்க் கரைகள் மீதும் வாய்க்கால் பாலங்கள் மீதும் ஏறி இறங்குகின்றன. இத்தகைய மேட்டில் வண்டி குறுக்காக ஏறும்போது ஒரு மூலையின் சக்கரம் முதலில் உயர்கிறது. உடல் முறுக்கத்துக்கு உள்ளாகிறது. அந்நிலையில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து மூடினால், பூட்டு எளிதாகப் பொருந்துகிறதா என்பதிலிருந்து உடலின் நெளிவை ஓரளவு அறியலாம். கதவு உரசுமானால் முதலில் தேட வேண்டியது துருவையும் பிளந்த பற்றவைப்பையுமே ஆகும். இராமேசுவரம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஓடிய வண்டிகளில் உப்புக்காற்றால் துரு மிகுதியாக இருக்கும்.

தானுந்துப் பந்தயத்தில் விறைப்பு வேறு வழியில் பெறப்படுகிறது. சோழவரம், இருங்காட்டுக்கோட்டை, கோயம்புத்தூர் ஆகிய இடங்களில் தமிழ்நாட்டின் பந்தய மரபு வளர்ந்தது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் மாருதி 800இன் பொறியைக் கொண்டு உருவாக்கிய ஃபார்முலா மாருதி வண்டிகளின் சட்டகம் குழாய்களை முக்கோணங்களாகப் பின்னி அமைக்கப்பட்டது. அவர் 1995இல் வான்விபத்தில் இறந்தார். அவர் பெயரில் கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத்தடம் அமைந்துள்ளது. பொறியியல் மாணவர்கள் தாமே வடிவமைத்த வண்டிகளுடன் பங்கேற்கும் ஃபார்முலா பாரத் போட்டி இத்தடத்தில் நடைபெற்றுள்ளது. சட்டகத்தின் எடைக்கும் முறுக்கு விறைப்புக்கும் இடையே சமன் காண்பது இத்தகைய போட்டிகளில் மாணவர்கள் எதிர்கொள்ளும் முதன்மையான சிக்கல்களுள் ஒன்று.

சாலைத் தானுந்தைப் பந்தயத்துக்கு மாற்றும்போது, ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டு உள்ளே பொருத்தப்படுகிறது. தொங்கல் அமைப்பின் தாங்கிகள் வரை நீளும் கூண்டு, தரையில் மட்டும் இருக்கும் இணைப்பியைவிடப் பன்மடங்கு விறைப்பைத் தரவல்லது. ஆயினும் தலைக்கவசம் அணியாமல் சாலையில் ஓட்டுபவருக்கு அதே கூண்டின் குழாய் தலையில் மோதி ஆபத்தை விளைவிக்கும்.

சட்ட நிலை

இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டிகளில் செய்யப்படும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது இதன் அடிப்படை. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டத்தால் சேர்க்கப்பட்ட 182அ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

உடலில் பொறிக்கப்பட்ட சேசிஸ் எண் வண்டியின் அடையாளம் ஆகும். பற்றவைப்பாலோ பூச்சாலோ அவ்வெண் மறைந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவைப் புதுப்பிக்கும்போது இடர் ஏற்படும். ஆகவே சாலையில் ஓடும் வண்டியில் இணைப்பி பொருத்த எண்ணுபவர் முதலில் அவ்வலுவலகத்தில் எழுத்துமூலமாகக் கேட்டறிவது தேவையாகும். துருப்பிடித்த பகுதியை உற்பத்தியாளரின் வடிவத்திலேயே சீரமைப்பது பழுதுபார்த்தல். புதிய உறுப்பைச் சேர்ப்பது மாற்றம். பழைய தானுந்துகள் பலவற்றில் இழந்த விறைப்பின் பெரும்பகுதியை முதல் வழியிலேயே மீட்டுவிடலாம்.

இவற்றையும் பார்க்க

அடிச்சட்டகம்
ஒற்றைக்கூடு
தொங்கல் அமைப்பு
முறுக்கம்
பற்றவைப்பு